வராதவன் படை

புதுப் புத்தகத்தின் வாசனை உனக்குப் பழக்கம். எனக்குப் பழக்கமானது சீட்டுக்குப் போடுகிற ரெக்ஸின் துணியின் வாசனையும் அதை ஒட்டுகிற பசையின் நெடியும்தான். நேற்று மத்தியானம் கார்த்தி கடைக்கு வந்து, நான் தைத்துக்கொண்டிருந்த ஆட்டோ சீட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, தையல் மிஷின்மேல் ஒரு கனத்த புத்தகத்தை வைத்தான். மேலே கண்ணாடித் தாள். அதைப் பிரித்ததும் ஒரு மணம் எழுந்தது பார், புதுச் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, கடை முழுக்க அப்படியே நின்றது. நீ இருந்திருந்தால் முதலில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் தொட்டிருப்பாய்.

“புதுப் பதிப்புங்கண்ணா. ஆட்டத்து விதியெல்லாம் மாத்திப்போட்டாங்க,” என்றான் கார்த்தி.

“மறுபடியுமா? போன தடவை மாத்தினதே அவங்களுக்கு மனப்பாடம் ஆயிருக்காதே.”

“மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா மாத்தத்தானுங்கண்ணா செய்வாங்க. ஆட்டம் அத்தனை பழசு. மாத்தலைன்னா செத்துப்போயிருமில்லீங்க.”

ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. இங்கிலீஷ் புத்தகத்தில் நான் என்னத்தைப் பார்ப்பது? படம் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறான், குதிரையின் மூக்கில் நுரைகூடத் தெரிகிறது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “வராதவனுக்கு இதுல இன்னா விதி?” என்று கேட்டேன்.

அவனுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று தெரியும். புத்தகத்தை வாங்கித் தேடிப் பார்த்துவிட்டு, “கால் மணி நேரம் பாப்பாங்களாம். வரலைன்னா தோத்ததா வெச்சுக்குவாங்களாம்,” என்றான்.

நான் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். கால் மணி நேரமாம்! உனக்கு நாங்கள் ஏறக்குறைய ஒரு வருடம் கொடுத்தோம்.

நமக்கு வாய்த்த புத்தகம் இப்படியெல்லாம் மணக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் அபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்களே, அங்கே ஒரு ஊறுகாய் போடும் புத்தகத்துக்கும் கிழிந்த ரயில் அட்டவணைக்கும் நடுவில் கிடந்தது. அப்போது நம் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நான் செருப்பு வாங்க வந்தவன். நீ அதை எடுத்துப் புரட்டினாய், அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாய். “மேஜைமேலயே போர் ஆடலாம்டா. பகடை போட்டு, அளவுகோல் வெச்சு அளந்து, படைய நகத்தி. நெஜமான ஜெனரலுங்க மாதிரி,” என்றாய். அதன் கடைசிப் பக்கங்கள் சிலது கிழிந்துபோயிருந்தன. போர் எப்படி முடியும், யார் ஜெயித்தது என்று எதை வைத்துச் சொல்வது, அதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருந்ததாம். கடைக்காரனே பரிதாபப்பட்டு வேறு புத்தகம் எடுத்துக்கொள் என்றான். “முடிவுதானே இல்ல? ஆரம்பம் இருக்குதில்ல?” என்று நீ அதையே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாய்.

முடிவில்லாத புத்தகத்தை வாங்கி வந்தவன் நீ. அதனால்தான் நம் போரும் முடியவே இல்லை. லோத்குண்டாவில் உன் வீட்டுக் கார் ஷெட், கார் என்று ஒன்று அதற்குள் நுழைந்ததே கிடையாது, அங்கே பழைய கதவுப் பலகை இரண்டைச் சேர்த்துப் போட்டாய். தெர்மகோலில் மலை. என் கடை நீல ரெக்ஸினைக் கிழித்து ஆறு. ஆற்றின்மேல் சோப்புப் பெட்டி மூடியைக் கவிழ்த்து ஒரு பாலம். படத்தில் இருந்த மாதிரி ஈயச் சிப்பாய்களுக்கு நாம் எங்கே போவது? நான் சீட்டுக்குத் தைக்கிற பட்டன்களைக் கொண்டுவந்தேன். நீ வேலை பார்த்த மருந்துக் கம்பெனியில் கழிக்கிற ஊசி மருந்து பாட்டில்களின் மூடிகளைக் கொண்டுவந்தாய், நீலம் காலாள், சிவப்பு குதிரை. என் பட்டன் ராஜ்ஜியம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். உன் மூடி ராஜ்ஜியம் அந்தப் பக்கம். நடுவில் அந்தச் சோப்புப் பெட்டி. அந்தப் பாலத்துக்காக இருபது வருடத்துக்கு மேல் உன்னோடு சண்டை போட்டேன். ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. வாயால் மட்டும் தினம் தாண்டினேன்.

விதியை எல்லாம் நீதான் படித்துச் சொல்வாய். குதிரைப்படை ஆற்றில் இறங்கினால் ஒரு முறை நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கரையேற வேண்டும் என்றாய். சரி என்று என் குதிரைகளை எல்லாம் அத்தனை வருடம் தண்ணீர் குடிக்க விட்டேன், நீ கரையில் நின்று அடித்தாய். பின்னாளில் கார்த்தி வந்து அந்தப் பழைய புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை தேடிவிட்டு, “ஏனுங்கண்ணா, குதிரை தண்ணி குடிக்கறது எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?” என்று கேட்டான். நீ கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. “உங்க ஊருல குதிரைக்குத் தாகமே எடுக்காதா?” என்றாய்.

யாதகிரி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக், உன் பக்கத்துத் தெரு, அவன் படை முழுக்க போல்ட்டும் நட்டும். தெலுங்குக்காரன், நம்மோடு சேர்ந்து தமிழ் கற்றுக்கொண்டான், அதாவது முதலில் திட்டக் கற்றுக்கொண்டான். “அரே ரெக்ஸின் பாய், உன் குதிரை இத்தினி வருசம் தண்ணி குடிச்சு வயிறு வெடிச்சு செத்துச்சு, போ!” என்றான். எனக்கு ரெக்ஸின் என்று பேர் வைத்தது நீ, அதை ஊர் முழுக்கப் பரப்பியது அவன்.

ஆனால் புத்தகத்தில் இல்லாத இன்னொரு விதியும் நம்மிடம் இருந்தது. அதை நீயாகக் கட்டிவிடவில்லை. யாதகிரியின் அப்பா போனபோது அவன் ஊருக்குப் போய்விட்டான், வாரக்கணக்கில் வரவில்லை. நாம் இரண்டு பேரும் சும்மா இருக்க முடியாமல் அவன் படையை வளைத்து ஒரே மத்தியானத்தில் துடைத்து எடுத்துவிட்டோம். அவன் மொட்டைத் தலையோடு வந்தான். மலையடிவாரத்தில் தன் போல்ட் ஒன்றுகூட இல்லாததைப் பார்த்தான். திட்டுவான் என்று நாம் காத்துக்கொண்டிருந்தோம். அவன் அந்தக் காலி இடத்தைக் கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தான். நீ எழுந்து அவன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இருந்த இடத்திலேயே வைத்தாய். “இனிமே வராதவன் படைமேல யாரும் கை வைக்கக் கூடாது. நகத்தவும் கூடாது, அடிக்கவும் கூடாது. அவன் வர்ற வரைக்கும் அது அங்கயே நிக்கும்,” என்றாய். மேஜைமேல் எத்தனை பேருடைய படை நிற்கிறதோ அத்தனை பேர் கையும் பலகையில் பட்டால்தான் விதி பிறக்கும், விதி மாறும். அதுதான் நம் சட்டசபை. அன்று மூன்று உள்ளங்கை பட்டது.

கார்த்தி வந்தது ரொம்பப் பிந்தி. அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவன், பைக் சீட் தைக்க என் கடைக்கு வந்தான். கல்லாப்பெட்டிமேல் நான் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்த பட்டன்களைப் பார்த்தான். “இது அந்த ஆட்டமல்லீங்க?” என்றான். கோபிப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று நான் வாயைப் பிளந்தேன். மாதாப்பூரில் ஒரு காப்பிக் கடையில் பத்திருபது பேர் இதே ஆட்டத்தை ஆடுகிறார்களாம், வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மைகளை வைத்து. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனைக் கூட்டி வந்தேன். அவன் பொம்மைகள் நம் மேஜையில் இறங்கின, சட்டைக்குப் பொத்தான்கூட வரைந்த பொம்மைகள். என் பட்டன் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, “தம்பி, உன் ஆளு போட்டிருக்கிறதே நம்ம ஆளுதான்,” என்றேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது விதிச் சண்டை. புதுப் பதிப்பின் விதிக்கு மாறலாம் என்றான் கார்த்தி. பழைய விதியில் குதிரைக்கு அளவுக்கு மீறிய பலம், பீரங்கிக்குக் கண்ணே தெரிவதில்லை, ஒரு மத்தியானத்தில் ஒருத்தருக்கு இரண்டு முறைகூட வருவதில்லை, புதியதில் எல்லாம் சீராக இருக்கிறது, அதற்கு மாறினால் மாதாப்பூர்க்காரர்களோடும் ஆடலாம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

“அதுல போர் எப்ப முடியும்?” என்று கேட்டான் யாதகிரி.

“அன்னிக்கே முடிஞ்சிருமுங்க. இத்தனை சுத்துன்னு கணக்கு. முடிஞ்சதும் புள்ளி கூட்டிப் பாத்தா யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிஞ்சிரும்.”

“அன்னிக்கே முடிஞ்சா அடுத்த வாரம் கைக்கு, ஏன் வர்றது? நக்கோ, வேணாம்.”

நீ அப்போது சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “மாத்தித்தான் பாப்பமேடா. நாம எழுதினதா அது, கெட்டுப்போறதுக்கு?” அத்தனை பழசைக் கட்டிக்கொண்டு அழுதவன் நீ, நீயே அப்படிச் சொன்னாய். பலகையில் உன் கை முதலில் பட்டது, அடுத்தது கார்த்தியின் கை. யாதகிரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “எனக்குப் பழைய விதியே இன்னும் வெளங்கல, அதுக்குள்ள புதுசா? மொதல்ல என் குதிரைங்க தாகம் அடங்கட்டும்,” என்றேன். சிரித்தோம். பேச்சு அத்தோடு போயிற்று. அப்படியே எத்தனையோ தடவை வந்தது, எத்தனையோ தடவை நான் சிரிப்புக் காட்டி அனுப்பினேன். ஆட்டம் நன்றாகத்தானே போகிறது என்று நினைத்தேன்.

அப்புறம் உன் வயிற்றில் அது வந்தது. டாக்டர் சொன்ன பேரை நீ எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. உன் படை அப்போது பாலத்தின்மேல் நின்றிருந்தது. நீல மூடிகள் இரண்டு வரிசை, பின்னால் சிவப்பு. இந்தக் கரையில் என் பட்டன்கள், பக்கவாட்டில் யாதகிரி, மலைமேல் கார்த்தியின் அழகுப் பொம்மைகள். மேஜையில் இருந்த எல்லாப் பாதையும் அந்தச் சோப்புப் பெட்டியில்தான் போய் முட்டியது. நீ ஆஸ்பத்திரியில். விதிப்படி நாங்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம்.

மூன்று பேரும் உன்னைப் பார்க்க வந்த அன்று நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கழுத்து எலும்பு சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. நாங்கள் வந்ததும் வராததுமாக, “இன்னாடா, பாலத்துல தூசு படிஞ்சிருக்குமே?” என்றாய். அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: “வழிய அடைச்சுக்கினு நிக்கிறேன்டா நான். அந்த விதிய மாத்திடுங்க. நான் வரலைன்னா என் ஆளுங்கள நீங்களே எடுத்து ஆடுங்க. செத்தா சாவட்டும்.” சொல்லிவிட்டு ஊசிக் குழாய் ஒட்டியிருந்த கையைத் தூக்கிக் காட்டினாய், உன் ஓட்டு அது என்று.

யாதகிரி ஜன்னலைப் பார்த்தான். அந்த மாதிரி நேரத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது, உனக்குத் தெரியும். “ஆஸ்பத்திரியில தூக்கற கையெல்லாம் செல்லாதுடா. பலகையில பட்டாத்தான் கணக்கு. மாத்தணும்னா எழுந்து வந்து வை,” என்றேன்.

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமலில் குழாய் ஆடி, நர்ஸம்மா வந்து எங்களைத் துரத்தினாள். வாசல்வரை வந்த பிறகு உன் குரல் கேட்டது: “ஹவ்டா ஹவ், ஆமாடா, வர்றேன், வந்து வெக்கிறேன்.”

அதைக் கிண்டலுக்குச் சொன்னேனா, உன்னை எழுப்பிவிடலாம் என்ற ஆசையில் சொன்னேனா என்று இப்போது என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை உன் சரளா ஷெட்டைத் திறந்துவிட்டாள். “நீங்க எப்பவும் போல ஆடுங்கண்ணா. அவரு சத்தம்தான் இல்ல, உங்க சத்தமாவது கேக்கட்டும்,” என்றாள். அதற்காகவே கத்தினோம். போல்ட் இந்தப் பக்கம் நகரும், பட்டன் அந்தப் பக்கம் நகரும், பாலம் வந்ததும் எல்லாரும் நிற்போம். உன் மூடிகள்மேல் தூசு ஏறியது. ஒருநாள் நான் குனிந்து ஊதப் போனேன். யாதகிரி என் தோளைப் பிடித்து இழுத்தான்.

“ஊதாதே. நகந்துரும்.”

“தூசுடா.”

“தூசும் இருக்கட்டும். அவன் வந்து தொடச்சுக்குவான்.”

வராதவன் என்ற சொல்லை நாங்கள் உனக்கு அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தோம். செத்தவனுக்கு விதி இல்லை, வராதவனுக்கு இருந்தது. அதனால் நீ வராதவன். நான்கூட, “வருவான், எப்பவும் லேட்டாத்தானே வருவான்,” என்று ஒரு தடவை சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு யாதகிரிக்கு முட்டிவலி வந்தது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தான். கார்த்தி மாதாப்பூருக்குப் போக ஆரம்பித்தான். சில வாரம் நான் மட்டும் போய் உட்கார்ந்து, சரளா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவேன். ஆட்டம் உன்னோடு சாகவில்லை. சேற்றில் மாட்டின பஸ் மாதிரி சக்கரம் சுற்றிக்கொண்டே அங்கேயே நின்றது.

பிறகு ஒருநாள் சரளாவே தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டை பில்டருக்குக் கொடுத்தாயிற்று, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், ஷெட்டைக் காலி பண்ண வேண்டும். “நீங்க ஆடி முடிச்சிட்டீங்கன்னா...” என்று இழுத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும், இது முடிகிற ஆட்டமில்லை என்று?

கடைசி ஞாயிறு மூன்று பேரும் வந்தோம். இப்படியே மூட்டை கட்டினால் நீ பாலத்தின்மேல் நின்றபடியே அட்டைப்பெட்டிக்குள் போய்விடுவாய், யாரும் தோற்காமல், யாரும் ஜெயிக்காமல். விதியை மாற்றினால் உன் படையை ஆடலாம், ஆனால் அதை அடிக்க வேண்டியவன் நான். எது உனக்கு மரியாதை என்பதுதான் அன்று மேஜைமேல் கிடந்த கேள்வி.

கார்த்தி முதலில் கையை வைத்தான். “மாத்திரலாமுங்கண்ணா. அவரு கேட்டதும் அதுதானுங்களே.”

“எனக்காகச் செய்த விதி அது. என் அப்பன் போனப்ப,” என்றான் யாதகிரி. பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை வைத்தான். கிரீஸ் போகாத அந்தக் கை.

நானும் வைத்தேன். மூன்று கை. உன் படைதான் இன்னும் நிற்கிறதே, நான்காவது கை இல்லாமல் விதி மாறாது. மூன்று பேரும் பலகையில் கையை வைத்துக்கொண்டு, ஆவியைக் கூப்பிட உட்கார்ந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

“அவருதான் ஆஸ்பத்திரியில கையைத் தூக்குனாருங்களே. நாம எல்லாரும் பாத்தமல்லங்க,” என்றான் கார்த்தி.

“பாத்தோம்,” என்றான் யாதகிரி. என்னைப் பார்த்துத் தாடையால் காட்டினான். “ஆனா இவன் செல்லாதுன்னு சொன்னானே.”

“நான் சும்மா சொன்னதுடா அது.”

“நீ எப்பவும் சும்மாத்தான் சொல்றே ரெக்ஸின் பாய். எது சும்மா, எது நெஜம்னு நாங்க எப்டி கண்டுபுடிக்கறது? அவன் மட்டும் எப்டி கண்டுபுடிச்சிருப்பான்?”

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “செல்லும்” என்றேன். இன்னொரு தடவை, உனக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாக, “அந்தக் கை செல்லும்” என்றேன். நம் மேஜையில் மாறிய ஒரே விதி அதுதான்டா. அதையும் நீ இல்லாத மேஜையில் மாற்றினோம்.

உனக்காகப் பகடை போட்டது கார்த்தி. உன் ஆட்டத்தை விட்டுக்கொடுக்காமல்தான் ஆடினான், புதுப் புத்தகம் படித்தவன் இல்லையா, பாலத்தின் வாயைக் குறுக்கி வரிசையை நன்றாக நெருக்கி நிறுத்தினான். என் குதிரைகளை ஆற்றில் இறக்கினேன். “அண்ணா, தண்ணி?” என்றான் அவன். சரி என்று ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்டேன். அடுத்த முறை ஏறினேன். பகடை அன்று எனக்கு விழுந்த மாதிரி வாழ்நாளில் விழுந்ததில்லை. கொஞ்சம் குறைத்து விழக் கூடாதா என்று பார்க்கிறேன், ஆறு ஆறாக விழுகிறது. நீல மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். எடுத்த இடத்தில் தூசு இல்லாமல் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. டீ வருவதற்குள் முடிந்துவிட்டது, இருபது வருடச் சண்டை.

பாலம் திறந்தது. அந்தப் பக்கம் காவலே இல்லை, உன் தலைநகரம்வரை ஒரே நீட்டு.

“உங்க முறைதானுங்கண்ணா. தாண்டுங்க,” என்றான் கார்த்தி.

என் பட்டன் ஒன்றை விரலில் பிடித்தேன். தாண்டி என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கே போய் யாரைத் திட்டுவது? “நான் நகத்தல,” என்றேன். யாதகிரி தன் போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு, “நானும்,” என்றான். கார்த்தி பகடையை எடுத்தான், உள்ளங்கையில் உருட்டினான், கீழே வைத்துவிட்டான். விதி பழசா புதுசா என்று அத்தனை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதற்குப் பிறகு எந்த விதியும் எங்களைத் தடுக்கவில்லை. ஒருத்தரும் தாண்டவில்லை.

சரளா டீயோடு வந்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் மேஜையைத் திரும்பிப் பார்க்காதவள், அன்று தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். வெளியே எடுத்து வைத்திருந்த மூடிகளையும் பார்த்தாள். “முடிஞ்சிருச்சாண்ணா? யாரு ஜெயிச்சது?” என்று கேட்டாள்.

மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்லி அந்த இடத்தைக் கலகலப்பாக்குவேன் என்று. வாயில் ஒன்று வந்தும் நின்றது, நல்ல கிண்டல்தான், நீ இருந்திருந்தால் தொடையைத் தட்டியிருப்பாய். சொல்லவில்லை. “டீ ஆறுது தங்கச்சி” என்று கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஷெட்டும் போயிற்று, வீடும் போயிற்று. இப்போது அங்கே கம்பி நட்டு நிறுத்தியிருக்கிறார்கள். யாதகிரி அவ்வளவு தூரம் நடப்பதில்லை. கார்த்தி இன்னும் என்னை மாதாப்பூருக்குக் கூப்பிடுகிறான், பொம்மை எல்லாம் அவனே தருகிறானாம். நேற்றும் கூப்பிட்டான். விதி மாறியிருந்தால், நீ கேட்டபோதே மாறியிருந்தால், ஆட்டம் பிழைத்திருக்குமா என்று அவனைக் கேட்டேன். “பிழைச்சிருக்குமுங்கண்ணா” என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைத்திருக்காது. ஆனால் நீ, கேட்டது கிடைத்தவனாகப் போயிருப்பாய்.

வாய் மட்டும் ஓயவில்லை, கவலைப்படாதே. கடைக்கு வருகிற ஆட்டோக்காரன் ஒருத்தனையும் சும்மா விடுவதில்லை. போன மாதம் என் அக்காவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடந்தார், மாரெட்பள்ளியில். என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தான் போன பிறகு தன் பழைய ஸ்கூட்டரைப் பையனுக்குக் கொடுக்கக் கூடாது, மகளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். அந்த ஸ்கூட்டர் கிளம்பவே கிளம்பாது, தெருவுக்கே தெரியும். “நீங்களே எழுந்து ஓட்டிக் குடுங்க மாமா” என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி மாமா,” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது.

உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ‘சரி’ அது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.